எலி எந்தப் பக்கமிருந்து வந்தது

1

இந்தக் கதை என் கையெழுத்திலிருந்து பிறந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் தெருக் கண்ணுங்களா. ஒரு மனுவின் அடியில் நான் போட்ட கையெழுத்து அது.

எங்கள் நெசவுத் தெருவுக்கும் பின்னாலிருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு சந்து. அது வழியாகத்தான் காலனி எலியெல்லாம் வருகிறது, சுவர் வைத்து அடைக்க வேண்டும் என்று தெருச் சங்கத்துக்கு எழுதிய மனு. மளிகைப் பொட்டலத் தாளில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். படிக்காமல் போட்டேன் என்று தப்பிக்க வழியில்லை. படித்தேன். போட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காலையில் தறியில் உட்கார்ந்த அர்ஜுனன் பாவைப் பார்த்ததும்..."

(நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் அவன்மேல் மட்டும் இரக்கம் வரும். வரட்டுமே, அதுவும் நியாயம்தான். கல்யாணப் புடவைக்குத் தறியில் நீளவாக்கில் ஏற்றிய பட்டுப் பாவு இழைகளை ஒரு சாண் அகலத்துக்கு எலி கத்தரித்திருந்தது. இழை இழையாகப் பிணைத்துக்கொண்டு இரண்டு நாள் குனிந்தே கிடந்தான்.)

அவன் மனைவி லோகாம்பாள் அன்றைக்கே மனு எழுதினாள். அன்றைக்கே எலி பிடிக்க மேரிக்கும் சொல்லியனுப்பினாள். மேரி காலனிக்காரி. அரிசி மண்டிகளில் எலி பிடித்துப் பழகியவள். கூண்டைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்து வழியாகத்தான் வந்தாள். அடைக்கப்போகும் வழியிலேயே ஆளைக் கூப்பிடுகிறார்கள். இதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. கிழிசலை ஒட்டவில்லை.

3

மேரி கூண்டைத் திறக்கவே இல்லை. முதலில் புழுக்கையைத் தேடினாள். பிறகு விட்டத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இது பெருச்சாளி இல்லண்ணா. பெருச்சாளின்னா மண்ணத் தோண்டி மேடு போட்டிருக்கும். இது புழுக்கை நெல்லு மாதிரி, ரெண்டு பக்கமும் கூரா இருக்குது. விட்டத்துல பாரு, கருப்பா பிசுக்கு. அதுலயே ஓடிக்கினு இருக்குது. இது உங்க வூட்டு எலி."

அர்ஜுனன் நம்பவில்லை. சாயங்காலம் சந்து நெடுக, வீட்டுக்குள் சுவரோரம் எல்லாம் மேரி கோலத்துக்குப் போடும் கல்மாவைத் தூவினாள். லோகாம்பாள் அரிசிமாவு எடுத்து வந்தபோது, எலிக்கு விருந்தா வைக்கிறே என்று சிரித்துத் திருப்பி அனுப்பினாள்.

விடிந்ததும் தெருவே வந்து பார்த்தது. சந்தில் ஒரு நாயின் காலடித் தடம் மட்டும். வீட்டுக்குள்ளே எலித்தடமும் வால் இழுத்த கோடும் கொல்லைச் சுவர் மூலைக்குப் போய், அங்கிருந்து மறுபடி விட்டத்துக்கு ஏறின.

அந்த மூலையில் என்ன? கஞ்சி.*

* பாவு விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி போடுகிறோம். மிச்சக் கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றமாட்டோம். சோறாச்சே, கால் படக்கூடாது. அதனால் கொல்லை மூலையில் ஊற்றுகிறோம். நானும்தான், ஐம்பது வருஷமாக. எலிக்கு அங்கே கஞ்சி, வீட்டுக்குள்ளே கஞ்சி போட்ட பட்டு. இதற்குக் காலனி என்ன செய்தது?

மேரி கஞ்சியை மூலையில் ஊற்றவேண்டாம் என்றாள், பானைக்கு மூடி போடச் சொன்னாள். கூரை ஓட்டு இடுக்குகளில் கம்பி வலை அடிக்க வைத்தாள். சுட்ட தேங்காயை வைத்து இரண்டு நாள் கூண்டை மூடாமல் விட்டாள், எலிக்குப் பயம் தெளியட்டும் என்று. அதன் பிறகு விழுந்துகொண்டே இருந்தது.

4

இந்த இடத்தில் மேரியை ஒரு பக்கத்துக்குப் பேச விட்டிருந்தேன். தெருவைப் பார்த்து நியாயம் கேட்கிறாள், கூண்டை வீசுகிறாள். அவளுக்கே படித்துக் காட்டினேன்.

"நான் எங்க கத்துனேன் அக்கா? நீதான் கத்துற," என்றாள். "அவ்ளோ பேசுனா அடுத்த வாட்டி எவன் கூப்புடுவான்?"

அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். அவள் கேட்டது ஒன்றுதான். கூண்டைக் கழுவி வைத்துவிட்டு, "சுவரு இனி வராது இல்லண்ணா?" என்றாள். சுவர் வந்தால் குடிதண்ணீர்க் குழாய் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். அவள் மகள் ஜோதிகா ஏனாத்தூர் பஸ்ஸைப் பிடிக்கச் சாக்கடை ஓரமாகச் சுற்றி வரவேண்டும். மழை பெய்தால் அதுவும் முழங்கால் தண்ணீர்.

அர்ஜுனன் இழையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்: "எலி விஷயம் வேற, சுவரு விஷயம் வேற மேரி."

இந்த வாக்கியத்தை நான் ஜோடிக்கவில்லை. இவ்வளவு நன்றாக எனக்கு ஜோடிக்க வராது.

5

முடிவு ஒன்று: மனுவை எலி கடித்துவிடுகிறது. (என் வேலையை எலியை விட்டுச் செய்யச் சொல்வதா? வெட்கக்கேடு.)

முடிவு இரண்டு: அர்ஜுனன் மனம் மாறி, சந்தில் இறக்கியிருக்கும் செங்கல்லைத் தானே... (நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்.)

முடிவு மூன்று: இன்று காலை லோகாம்பாள் வீட்டுக்குப் போய் மனுவைக் கேட்டேன். எதற்கு என்றாள். சந்தில் எலித்தடம் இல்லை, என் பெயர் மட்டும் எதற்கு இருக்க வேண்டும் என்றேன். பெயரின்மேல் கோடு போட்டேன். கோடு வளைந்துவிட்டது, ஆனாலும் அடித்தது அடித்ததுதான். லோகாம்பாள் மனுவை வாங்கித் தன் வீட்டு விளக்கு மாடத்தில் வைத்தாள்.

இது முடிவில்லை கண்ணுங்களா. ஒரு பெயர் குறைந்ததற்காகச் சுவர் கட்டுவது நின்றுவிடாது. செங்கல் சந்திலேயே இருக்கிறது, கொத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறார்.

மனு இன்னும் சங்கத்துக்குப் போகாமல் அந்த மாடத்தில்தான் இருக்கிறது. என் பெயருக்குக் கீழே நீங்கள் போட்ட உங்கள் பெயர். பேனாவை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.