ஒரு விரற்கடை

நாஹா தீவு நகரில் வண்டிகளெல்லாம் சாலையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறிய கோடையில், கராத்தே ஆசான் யொனாமினேயை யாராலும் தொட முடியாமல் போயிற்று. முதலில் கண்டுபிடித்தவர் முடிதிருத்துபவர். கத்தரிக்கோல் ஆசானின் தலைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. எண்ணெய் போட்டுப் பார்த்தார், வேறொன்றை எடுத்துப் பார்த்தார், கடைசியில் மன்னிப்புக் கேட்டு வழியனுப்பிவைத்தார். அதன்பிறகு ஆசானே தன் தலைமுடியை வெட்டிக்கொண்டார். அந்தக் கோணலையும் சீடர்கள் பக்தியோடு பின்பற்றினார்கள். ஆகஸ்ட் புயலில் துறைமுகம்வரை நடந்துபோய் உலர்ந்த சட்டையோடு திரும்பினார். மழை அவரைச் சுற்றி ஒதுங்கிப் பெய்ததை டாக்ஸிக்காரர்கள் பார்த்தார்கள். ஆனால் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதே அவர்களுக்கு அந்த மாதம் பெரிய கவலையாக இருந்தது.

எல்லாம் மேல்வகுப்பின் ஜோடிப் பயிற்சியால் வந்தது. இருவர் எதிரெதிரே நிற்பார்கள். 'முகத்துக்கு வருகிறேன்' என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டு ஒருவர் குத்துவார். குத்து முழு வேகத்தில் வந்து தோலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்க வேண்டும். எதிராளி தடுத்துத் திருப்பி அடிப்பார், அதுவும் அப்படியே நிற்கும். ஆசானோடு மோதும்போது மட்டும் சீடர்கள் மரியாதைக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்கள்: அவர் கை அசையும் முன்பே பறந்துபோய்ச் சுவரில் விழுவார்கள். மூத்த சீடர் தெருயா, தபாலாபீஸில் வேலை, இதில் மன்னன். வாசலைத் தாண்டித் தெருவிலேயே விழுந்த நாளும் உண்டு. இப்படிப் பல காலமாக விட்டுவைத்த விரற்கடை மரியாதை ஆசான்மேல் பூச்சுப் பூச்சாகப் படிந்து கெட்டியாகிவிட்டது. அவரோ அதைத் தன் வித்தை என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

அவர் தானாகக் கை நீட்டினால் எதையும் தொடலாம். சாப்பாட்டுக் குச்சியும் தேநீர்க் கோப்பையும் ஒழுங்காகவே கைக்கு வந்தன. ஆனால் முதலில் தன் கை நீளக்கூடாது என்பது கராத்தேக்காரர் கொள்கை. மற்றவர்கள் அதைச் சண்டைக்கு வைத்துக்கொண்டார்கள், ஆசான் பெண்டாட்டிக்கும் வைத்துக்கொண்டார். சந்தையில் டோஃபு விற்கும் அந்தப் பெண்டாட்டி கமடோ, அவர் மோவாயில் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைக்கப் போன இரவில் அவள் கையும் பாதியில் நின்றது. பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷன், கைக்கு எட்டாத தூரத்தில். அவள் அழுதாள். மறுநாள் வெள்ளைப் பட்டி கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் போய் நின்றாள். கறுப்புப் பட்டி வாங்கினால்தான் ஆசானை நோக்கிக் கை ஓங்க அனுமதி.

வருஷங்கள் போயின. கமடோ கறுப்புப் பட்டி வாங்கிய வசந்தத்தில் ஆசானின் கடைவாய்ப்பல் சீழ் கட்டி, முகம் தர்பூசணியாக வீங்கியது. பல் மருத்துவரின் இடுக்கி கிட்டே போகவில்லை, ஊசியும் போகவில்லை. சீழ் மூளைக்கு ஏறினால் ஆள் பிழைக்க மாட்டார் என்று மருத்துவர் கமடோவிடம் சொல்லிவிட்டார்.

"நீங்களே பிடுங்கிப் போடுங்களேன்" என்றாள் கமடோ.

"முதல்ல நான் கை வைக்கிறதா? பல்லு அடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

"அது அடிச்சுத்தானே மூஞ்சி இப்படி வீங்கிக் கிடக்கு!"

"இது அடி இல்ல. சும்மா சீண்டுது."

தெருயாவுக்கோ பெருமை தாங்கவில்லை. "ஆசானைப் பாத்து ஊசியே பயந்து நிக்குதுன்னா பாருங்கக்கா!"

"ஊசிக்கு என்னடா பயம்? நீங்க காக்கா பிடிச்ச லட்சணம், இப்ப அதுக்கும் ஒட்டிக்கிச்சு."

அந்த வாரம் மேல்வகுப்பில் ஆசானுக்கு எதிரே கமடோவின் முறை வந்தது. 'முகத்துக்கு' என்று வாக்குக் கொடுத்தாள். இத்தனை வருஷக் கோபத்தையும் திரட்டிக் குத்தினாள். குத்து ஒரு விரற்கடை முன்னால் அழகாக நின்றது. ஆசானைத் தொடுவதற்காகவே வந்தவளுக்கு, தொடாமலிருக்கத்தான் அத்தனை வருஷமும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆசான் திருப்பி அடித்தார். அவள் உடம்பு, அவளைக் கேட்காமலே, பறந்துபோய்ச் சுவரில் விழுந்தது.

"பிரமாதம்! என்ன கட்டுப்பாடு!" என்றார் ஆசான், வீங்கிய வாயோடு.

இருவரும் எதிரெதிரே வந்து குனிந்து வணங்கி நிமிர்ந்தார்கள். வணக்கத்தின்போது யாரும் யாருக்கும் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. சாகக் கிடக்கிறவன் முகத்தில் அந்தத் திருப்தியைப் பார்த்ததும் கமடோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டாள் ஓர் அறை. சந்தையில் ஈ அடிக்கிற அறை, எந்த வகுப்பிலும் இல்லாதது. அது இடது கன்னத்தில் பளாரென்று விழுந்தது. பல் தெறித்துப்போய்த் தெருயாவின் முழங்காலடியில் உருண்டது.

ஆசான் பிழைத்துக்கொண்டார். இடது கன்னத்தில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் அதன்பிறகு திறந்தே இருந்தது. மழை பெய்தால் அங்கே மட்டும் நனைந்தது; மருத்துவர் ஊசியையும் அங்கேயே போட்டார். அந்த அறை ஆசான் வெகுகாலம் மறைத்துவைத்திருந்த ரகசிய வித்தை என்று தெருயா விளக்கம் சொன்னார். இப்போது மேல்வகுப்பில் ஒவ்வொரு ஜோடியும் வணங்கி முடித்ததும் ஓர் அறையோடுதான் பயிற்சியை முடிக்கிறது. அறை கன்னத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கிறது.

விடிந்ததும் கடைக்குக் கிளம்பும்போது கமடோ அந்த இடத்தில் கையை வைத்துவிட்டுப் போவாள். ஆசான் அசைய மாட்டார், முதலில் கை நீட்டக்கூடாது என்பது இன்னும் கொள்கைதான். கன்னத்தை மட்டும் கொஞ்சம் சாய்த்துக் கொடுப்பார்.