முதல் பக்கம் இலவசம்

என் கம்ப்யூட்டரில் யாரும் கை வைக்கக்கூடாது. கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், எனக்கென்ன? கண்டியில் கல்யாணக் கார்டு அடிக்க வேறு கடையா இல்லை?

அதன் திரையை எனக்கேற்ற மாதிரி அமைத்துத் தந்தது என் வீட்டுக்காரர் தனபாலன். கண்டி கட்டுக்கலையில் நாங்கள் கடை போட்ட புதிதில், திரை முழுக்க எறும்பு மொய்த்த மாதிரிச் சின்னச் சின்னப் படங்கள் கிடந்தன. எதை அமுக்கினால் எது திறக்கும் என்று தெரியாமல் நான் எரிந்து விழுவேன். ஒருநாள் அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டு, கீழே ஒரே வரிசையில் சில படங்களை மட்டும் நிறுத்தினார். மவுஸை அந்தப் பக்கம் கொண்டுபோனால் வரிசை மேலெழும்பி வரும். எந்தப் படத்தின் மேல் நிற்கிறோமோ அது மட்டும் பொங்கிப் பெரிதாகும். அமுக்கினால் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுத் திறக்கும். அதற்கு டாக் என்று பெயராம். எனக்கு அது படவரிசை, அவ்வளவுதான்.

படங்களையும் அவரே மாற்றினார். தமிழ் டைப் அடிப்பதற்கு என் மூக்குக் கண்ணாடி. கார்டு வரைவதற்கு மயில். ஸ்கேனருக்குப் பக்கத்துப் போட்டோகொப்பிக் கடை றிஸ்வியின் முகம். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். வரிசையின் கடைசியில் ஒரு நீலக் கதவு. நாவலப்பிட்டியில் நாங்கள் கல்யாணம் முடித்துக் குடியிருந்த வாடகை வீட்டின் கதவு அது.

அந்தக் கதவு அவருடைய விளையாட்டு. கழுத்தில் சிவப்பு நாடா கட்டி எப்போதும் ஒரு பென்டிரைவ் தொங்கவிட்டிருப்பார். வெளியே போய்விட்டுக் கடைக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார். பென்டிரைவைச் செருகிக் கதவை அமுக்குவார். உள்ளே அவர் பதிந்து வைத்த அவருடைய குரலே சத்தமாகப் பேசும்.

"வந்துட்டேன் புள்ள. டீ எங்க?"

தெருவுக்கே கேட்கும். றிஸ்வி அந்தப் பக்கம் இருந்தபடியே இரண்டு கிளாஸில் பாலில்லாத பிளேன்டீ ஊற்றத் தொடங்கிவிடுவான். "வாய்ல என்ன கொழுக்கட்டையா இருக்கு?" என்று நான் ஏசுவேன். அவருக்கு அந்த ஏச்சும் வேண்டும், டீயும் வேண்டும். "கோவப்படாத அன்னம்" என்பார். கடைப் பலகையில் இருப்பது லட்சுமி. ஊரார் சொல்வது லட்சுமி அக்கா. அன்னலட்சுமியில் பாதியை வெட்டி அன்னம் என்று கூப்பிட்டது உலகத்தில் அவர் ஒருவர்தான்.

வடக்கில் மறுபடி சண்டை மூண்டு, கண்டியில் இருந்த நாங்களும் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்த வருசம் அது. தோட்டத்து ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கப் போனவர் திரும்பி வரவில்லை. வழியில் பஸ்ஸை மறித்து அவரை மட்டும் இறக்கினார்களாம். பஸ் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். கண்டக்டர் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு அழுதான். பொலிஸ், ஆமி காம்ப் என்று நான் ஏறி இறங்காத இடமில்லை. எல்லா இடத்திலும் அப்படி ஓர் ஆளே இல்லை என்றார்கள். இல்லாத ஆளுக்கா நான் இத்தனை வருசம் சோறு போட்டேன்?

கதவை அமுக்கிப் பார்த்தேன். ஒரு துள்ளுத் துள்ளும். பிறகு, காணவில்லை என்று சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வரும். அந்தப் பெட்டியைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். இருந்தாலும் அமுக்குவேன்.

ஒருநாள் றிஸ்விதான் விளக்கினான். "கதவு தேடுற சாமான் அந்த பென்டிரைவ்லதான் அக்கா ஈக்கிது. வேற எதச் செருகினாலும் அதுக்குள்ளயும் தேடிப் பாக்கும். அண்ணன்ட பென்டிரைவ்னா மட்டுந்தான் தொறக்கும்."

"அது யாரு கைக்காவது போயிருந்தா? அழிச்சிருக்க மாட்டாங்களா?"

"மறச்சு வெச்ச ஃபைல். ஈக்கிறதே ஒத்தருக்கும் தெரியா."

அன்றைக்கே பலகை எழுதி வாசலில் மாட்டினேன். பென்டிரைவ் கொண்டு வந்தால் முதல் பக்கம் இலவசம். மூன்று மொழியிலும் எழுதினேன். பைத்தியமா இவளுக்கு என்று மற்றக் கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஆமாம், பைத்தியம்தான். கண்டியில் ஓடுகிற எல்லா பென்டிரைவும் என் மேசைக்கு வர வேண்டும். அதில் ஒன்று அவரைத் தொட்ட கையிலிருந்து வரும், அவர் இருக்கிறாரா இல்லையா என்று அந்தக் கையைப் பிடித்துக் கேட்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கம்பஸ் பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிக்கூட டீச்சர்மார், கம்பளை வியாபாரிகள், ஒரு இளம் பிக்கு கூட வந்தார். எது வந்தாலும் செருகியதும் முதலில் கதவைத்தான் அமுக்குவேன். துள்ளும், காணவில்லை என்னும். பிறகுதான் வேலை. கோயிலுக்குள் நுழையும்போது மணியடிக்கிற மாதிரி அது என் கைக்குப் பழகிவிட்டது. சில நாள் நான் அமுக்காமலே கதவு துள்ளியது போல இருக்கும். திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குப் போனால் கண்ணை மூடினாலும் நீலமாகத் தெரியும்.

மழை பிடித்திருந்த ஒரு பகல். ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஒட்ட வெட்டிய முடி, பளபளக்கும் சப்பாத்து. மகளின் பிறந்தநாளுக்குக் கார்டு அடிக்க வேண்டும் என்று சிங்களத்தில் தன்மையாகத்தான் கேட்டார். நாடா எதுவும் இல்லாத கறுப்பு பென்டிரைவை நீட்டினார். ஊரில் பாதிப் பேரிடம் இருப்பது போன்ற ஒன்று. எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. செருகினேன். வழக்கம்போலக் கதவை அமுக்கினேன்.

துள்ளியது. பெட்டி வரவில்லை.

"வந்துட்டேன் புள்ள. டீ எங்க?"

இந்த நேரத்துக்காக நான் எவ்வளவு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன். அந்த மனிதரைப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தார். தெரிந்த யாரோ பின்னால் வந்து நிற்பது போல, வரவே முடியாத ஒருவர் வந்துவிட்டது போல, முகம் வெளுத்துப்போய்ப் பார்த்தார். வாசலில் மழைதான் பெய்துகொண்டிருந்தது.

பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அன்னம்?" என்றார்.

கதவு அந்தப் பெயரைச் சொல்லவில்லை. என் பலகையிலும் அது இல்லை. அப்படியென்றால், என் மனுசன் அங்கே என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். இந்த ஆளுக்கு மனப்பாடமாகும்வரை கூப்பிட்டிருக்கிறார். நான் இங்கே உட்கார்ந்து கார்டு அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த மனிதருடைய சட்டைக் கையைப் பிடித்துவிட்டேன். சிங்களத்தில் ஒரே ஒரு சொல்தான் கேட்டேன், இருக்கிறாரா என்று.

அவர் கையை உதறவில்லை. தரையைப் பார்த்தபடி, இல்லை என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குடையையும் பென்டிரைவையும் விட்டுவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். கத்தியிருக்கலாம், பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடி யாரிடம் போய்ச் சொல்வது? அப்படி ஓர் ஆளே இல்லை என்று சொன்னவர்களிடமா?

அப்போதுதான் றிஸ்வி ஓடி வந்தான். இரண்டு கையிலும் பிளேன்டீ. ஓடிய ஓட்டத்தில் பாதி சிந்தியிருந்தது, விரலெல்லாம் சுட்டுச் சிவந்திருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு, படவரிசையில் நிற்கிற அதே சிரிப்பு.

"அக்கா, அண்ணன்ட சத்தம் கேட்டிச்சே. எங்க அவரு?"

நான் சொல்ல வந்த வார்த்தையை அதுவரை யாருக்கும் சொன்னதில்லை, எனக்கே சொன்னதில்லை.

"இனி வரமாட்டாரு றிஸ்வி" என்றேன். "போர்டக் கழட்டிரு."

அவன் கிளாஸ்களை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். ஆணியிலிருந்து பலகையைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. கூடவே அவன் அழுகிற சத்தமும் கேட்டது. நான் என் டீயைக் குடித்தேன். பிறகு அவருடையதையும் எடுத்துக் குடித்தேன். றிஸ்வி மறக்கவில்லை, அதில் சீனி கூடுதலாகப் போட்டிருந்தான்.