பதினான்காம் வீட்டு அரிசி

அரிசி குறையவில்லை. முப்பத்தாறு நாளாகியும் குறையவில்லை. இருபது வீடுகளில் இருபது டிரம், ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து கிலோ புழுங்கலரிசி, ஒவ்வொரு டிரம்முக்கு அடியிலும் ஓர் எடைக்கருவி. என் லேப்டாப்பில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாக் கோடுகளும் அசையாமல் நேராகப் படுத்துக் கிடந்தன. எம்.எஸ்சி. இயற்பியலில் நான் வாங்கிய தங்கப் பதக்கம் இந்த விஷயத்தில் சல்லிக்காசுக்குப் பயன்படவில்லை.

ஆராய்ச்சி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் ராஜகோபால் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கணித இயற்பியல் பார்ப்பவர். உலோகத் தகட்டில் சூடு எப்படிப் பரவுகிறது என்று முப்பது வருஷம் சமன்பாடு எழுதியவருக்கு, ஓய்வு பெறும் வயதில் ஒரு யோசனை வந்தது. சூடு இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குத் தானாகப் போகிறது. சாப்பாடு ஏன் அப்படிப் போவதில்லை? போகிற வழியில் எங்கே நின்றுவிடுகிறது? அதை ஒரு சமன்பாட்டுக்குள் அடக்கிவிட்டால் எந்தத் தெருவில் பசி இருக்கிறது என்று யாரையும் கேட்காமலே சொல்லிவிடலாம். யாரையும் கேட்காமலே என்பதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்த பகுதி. எனக்கும் அப்போது பிடித்திருந்தது.

ரெஹான் என்ற எங்கள் இன்ஜினியர் எடைக்கருவியைச் செய்தான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை டிரம்மின் எடையைச் சென்னைக்கு அனுப்பிவிடும். காஞ்சிபுரத்துப் பெண் என்பதால் வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை என் தலையில் விழுந்தது. காஞ்சிபுரத்துப் பெண்தான், ஆனால் அப்பா பஸ் கண்டக்டர். தறியை எனக்குச் சத்தமாக மட்டும்தான் தெரியும்.

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் இருபது வீடு, பக்கத்து விவசாயக் கிராமமான திருப்புட்குழியில் இருபது வீடு. எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் நாங்களே அரிசி கொடுத்தோம். ஓர் அறக்கட்டளை தினமும் ராத்திரிச் சாப்பாடு போட ஒரு சமையற்கூடம் திறக்கப் போகிறது. ஒரே ஒன்றுதான். அது எந்த இடத்தில் என்பதை எங்கள் அறிக்கை சொல்ல வேண்டும். அறிக்கைக்குக் கெடு வெள்ளிக்கிழமை.

திருப்புட்குழி டிரம்கள் ஒழுங்காக நடந்துகொண்டன. அரிசி இறங்கியது, இருபது நாளில் தீர்ந்தது. நெசவாளர் தெருவில் ஒரு மணி அரிசி கூட அசையவில்லை. சமன்பாட்டின்படி அந்தத் தெருவில் பசியே கிடையாது. ஆனால் நான் அந்தத் தெருவில் நடக்கிறவள். சாயங்காலம் டீக்கடை வாசலில் ஒரு பன்னை மூன்று பிள்ளைகள் பிய்த்துத் தின்பதைப் பார்க்கிறவள். என் கண் சொல்வதும் கோடு சொல்வதும் ஒத்துப்போகவே இல்லை.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ரெஹானுக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, இருபது கருவியிலும் எடைக்கல் வைத்துக் காட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாடு கூட வேண்டாம் என்று போய்விட்டான். கருவி கிராம் பிசகாமல் இருந்தது. கோயில் அன்னதானத்தில் சாப்பிடுகிறார்களோ என்று விசாரித்தேன். தறியை விட்டுவிட்டுத் தினமும் வரிசையில் நிற்க யாருக்கு நேரம் என்று கேட்டார்கள். கடைசியில் வெட்கத்தை விட்டு ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன், டிரம்மில் இருக்கிற அரிசி என்ன ஆயிற்று என்று. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது. அது பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே என்றார்கள். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதைத் திரும்ப ஒருமுறை படித்திருக்கலாம்.

பதினான்காம் வீட்டுக் கோடு மட்டும் ஒருநாள் அசைந்தது. ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் இறங்கி, மறுநாளிலிருந்து ஏற ஆரம்பித்தது. முதல் நாள் அறுநூறு கிராம், அடுத்த நாள் நானூறு, அதற்கடுத்த நாள் இருநூற்று எழுபது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளில் மூன்றில் இரண்டு பங்கு. ஒன்பது நாளில் பழைய எடையை ஏறக்குறையத் தொட்டுவிட்டது.

பேராசிரியர் போனில் குழந்தையாகிவிட்டார். அவர் சமன்பாடு சொன்ன வளைவு அச்சு அசலாக அதுதானாம். குலைத்தால் தானே சமநிலைக்குத் திரும்புகிற அமைப்பாம். ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்தில் இந்தப் படம், இரண்டாவது பெயராக என் பெயர். எனக்கும் தலை கால் புரியவில்லை, மறைப்பானேன். ஒரு சாதாரணத் தராசிலும் அந்த டிரம்மை நிறுத்துப் பார்த்துவிடு, பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனேன்.

பதினான்காம் வீடு அங்கம்மாளுடையது. புருஷன் லோகேஸ்வரன் கூலிக்கு நெய்கிறவர். வீட்டில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் த்ரிஷா தறிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். டிரம் சமையல் மூலையில் இருந்தது. மேலே துவைத்த துணி போர்த்தி, யாரும் இடித்துவிடாதபடி சுற்றி நாலு செங்கல் வைத்திருந்தார்கள். நிறுத்துப் பார்த்தேன். இருபத்தைந்து கிலோவுக்கு நாற்பத்தேழு கிராம் குறைவு. கருவி சொன்னதும் அதேதான்.

சந்தோஷமாக எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது லோகேஸ்வரன் தறியிலிருந்து இறங்கி, தரையில் கிடந்த பட்டு நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நக அளவு கூட இல்லாத துண்டுகள். ஒன்று விடாமல் பொறுக்கி ஒரு கவரில் போட்டார். குப்பையைக் கூடச் சேர்த்து வைக்கிறீர்களே அண்ணா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"குப்ப இல்லமா. மொதலாளிங்க பட்டு நூல எடை போட்டுத்தான குடுக்கறாங்க. சேலையும் இந்தத் துண்டும் சேந்து அந்த எடை வரணும். கொறஞ்சா திருடிட்டான்னு பேரு. அப்புறம் எவன் நூலு குடுப்பான்?"

சொல்லிவிட்டு அவர் பொறுக்குவதைத் தொடர்ந்தார். நான் டிரம்மைப் பார்த்தேன். தராசுமேல் உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் நான் செய்தது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் கண்ணெதிரே அரிசியை நிறுத்தினேன். இருபத்தைந்து கிலோ சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். 'அரிசி பெற்றுக்கொண்டேன், அதன் எடை தொடர்ந்து கண்காணிக்கப்படும் என்பதற்குச் சம்மதிக்கிறேன்' என்ற தாளில் கையெழுத்து வாங்கினேன். சாப்பிடுங்கள் என்று அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. அரிசியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடு என்று வேறு சொல்வார்களா என்று நாங்கள் நினைத்தோம். எடை போட்டுக் கொடுத்ததை எடை குறையாமல் திருப்பித் தர வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குத் தெரிந்த தராசு அது ஒன்றுதான்.

அப்படியானால் அந்த ஒன்றே முக்கால் கிலோ? அங்கம்மாளிடம் கேட்டதும் அவள் முகம் செத்துவிட்டது. கையில் இருந்த நூல்கண்டைக் கீழே வைத்தாள்.

"பாப்பாக்கு ஜொரம்மா. ரேசன் அரிசி தீந்துபோச்சு, அதுல இருந்து எடுத்துட்டேன். மறாநாளே ரேசன் போட்டாங்க. திருப்பிப் போட்டுக்கினுதான் வரேன். மொத நாளு ராத்திரி யாருமே துன்னல, அப்படியே போட்டுட்டேன். அப்புறம் பாப்பா அழுதுது. அதுக்கு மட்டும் கொஞ்சம் வெச்சேன். தெனம் கொஞ்சம் கொறச்சிதான் போட முடிஞ்சுது. இன்னும் ஒரு பிடி பாக்கி, நாளைக்குப் போட்டுடறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. வாசலுக்கு வந்து பேராசிரியருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்த வளைவு?" என்றார்.

"அவங்க சாப்பிடாத ராத்திரிங்க சார்."

இந்தத் தெருவின் கணக்கு முழுவதையும் தூக்கிப் போட வேண்டும் என்றார். தூக்கிப் போட்டால் சமையற்கூடம் திருப்புட்குழிக்குப் போய்விடும். அங்கேயும் அரிசி தீர்ந்து பதினாறு நாளாகிறது, அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நியாயம் எந்தப் பக்கம் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. மூன்று நாள் இருக்கிறது, இருபது வீட்டிலும் போய்ச் சாப்பிடச் சொல், என்ன இறங்குகிறதோ அதை எழுதுவோம் என்றார். மூன்று நாள் அளவில் என்ன தெரியும் என்று கேட்டதற்கு, தெரியாது என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

உள்ளே போய் அங்கம்மாளிடம் சொன்னேன். அந்த அரிசி உங்களுடையது, யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள், இன்றைக்கே சமையுங்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்களுக்குன்னு குடுத்திருந்தா எதுக்குமா தராசு மேல வெச்சீங்க?"

பரவல், சமநிலை, பசியைக் கேட்காமலே கண்டுபிடிப்பது என்று எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன்.

"தெரியலக்கா," என்றேன்.

அவள் அசையவில்லை. நானே போய்ச் செங்கல்லை ஒதுக்கி, துணியை எடுத்து, டம்ளரால் நாலு முறை அள்ளிப் பாத்திரத்தில் போட்டேன். அது நம்ம அரிசியா என்று த்ரிஷா கேட்டாள். அக்காவைக் கேள் என்றாள் அங்கம்மாள். ஆமாம் என்றேன். அங்கம்மாள் எழுந்து அரிசியைக் களைந்தாள்.

சோறும் ரசமும் ஆனதும் எனக்கும் தட்டு வைத்தாள். ஆய்வுக்கு எடுத்த வீட்டில் நாங்கள் கை நனைக்கக் கூடாது என்று விதி. நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று பொய் சொன்னேன். கரண்டி அப்படியே நின்றது. நான் உட்காராவிட்டால் அந்த வீட்டில் யாரும் உட்காரப் போவதில்லை என்று புரிந்ததும் உட்கார்ந்தேன். பாதிச் சாப்பாட்டில் போன் அதிர்ந்தது. பதினான்காம் வீட்டில் எண்ணூறு கிராம் இறங்கியிருக்கிறது, நிஜமாகவே சமைத்தார்களா என்று பேராசிரியர் கேட்டிருந்தார்.

த்ரிஷா தட்டை வழித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பானையில் சோறு இருந்தது. அங்கம்மாள் அதைத் தொடாமல், தறிப்பலகையில் நான் வைத்திருந்த நோட்டை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"நீயும் துன்னேன்னு எழுதிடுமா. நாளைக்கு எட கொறஞ்சிருக்குதுன்னு யாராச்சும் வந்தா, நாங்க மட்டும் எடுத்தோம்னு ஆயிடக் கூடாது."

இடது கையால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எச்சில் விரலோடு எழுதினேன். பதினான்காம் வீடு, செவ்வாய், எண்ணூறு கிராம், நான்கு பேர் சாப்பிட்டோம், அதில் ஒருத்தி நான். லோகேஸ்வரன் அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அங்கம்மாள் மகளுக்கு இரண்டாவது முறை சோறு போட்டாள்.