ஏழாவது பிரிவும் என் மூன்றாவதும்

அவையின் நடுவே, சபாநாயகருக்கு நேர் கீழே ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து, பேசுகிறவர்களின் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக எடுக்கிறேன். எங்களுக்கு இரண்டே விதிகள்: ஒரு சொல்லையும் விடக் கூடாது, முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. யார் என்ன உளறினாலும் சுவர் மாதிரி இருக்க வேண்டும்.

அன்று சுவராக இருப்பது பெரும்பாடாகிவிட்டது. விவாதத்துக்கு வந்திருந்தது மக்கள்தொகைக் கட்டுப்பாட்டு மசோதா. அதன் ஏழாவது பிரிவு, அரசு ஊழியர் மூன்றாவது பிள்ளை பெற்றால் வேலை போகும் என்றது. எனக்கு அப்போது நான்காம் மாதம். மூன்றாவது. பிள்ளையா வேலையா என்று இரண்டு வாரமாக எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தூக்கமில்லை. வேறு யாருக்கும் விஷயம் தெரியாது.

அமைச்சர் எழுந்தார். "நாடு ஒரு பஸ் மாதிரி. எல்லா சீட்டும் நிரம்பிடுச்சு. இனிமே யாரும் ஏறக் கூடாது."

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். "உள்ள தள்ளிப் போங்க" என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவர், இடமில்லை என்று ஒருவரையும் இறக்கிவிட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பென்சில் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது.

எதிர்க்கட்சி வரிசையில் நர்சம்மா எழுந்தார். அரசியலுக்கு வருமுன் முப்பது வருடம் பிரசவ வார்டில் இருந்தவர். அவருக்குக் கொடுத்தது மூன்று நிமிடம்.

"போன வருஷம் இதே இடத்துல நின்னு, பிள்ளை பெத்ததுக்காக யார் வேலையும் போகாதுன்னு சொன்னீங்களேய்யா. இப்ப என்ன ஆச்சு?"

"நான் சொல்லவே இல்ல," என்றார் அமைச்சர். "அவைக்குறிப்பை எடுத்துப் பாருங்க. அப்படி ஒரு வரி இருந்தா, இந்த ஏழாவது பிரிவையே வாபஸ் வாங்கிக்கிறேன்."

அவர் கட்சி மேஜையைத் தட்டியது.

போன வருடம் அந்த வரியைக் குறிப்பில் எழுதியவளே நான்தான். அன்று மாலையே அமைச்சரின் உதவியாளர் எங்கள் அறைக்கு வந்து நின்றார். "அக்கா, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. ஐயா ஏதோ வேகத்துல சொல்லிட்டாரு." எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன், சொன்னதைச் சொல்லவில்லை என்று ஆக்க மாட்டேன் என்றேன். கெஞ்சினார், மேலிடம் என்று மிரட்டியும் பார்த்தார். "முடியாதுன்னு சொல்லிட்டேன்னு உங்க ஐயாகிட்டயே போய்ச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது அதிகாரிகள் வரிசையில் அந்த உதவியாளரைப் பார்த்தேன். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. 'அந்த வரியை நீக்கியாச்சுங்க ஐயா' என்று அன்றே போய்ச் சொல்லியிருக்கிறார்.

நூலகத்திலிருந்து கனத்த தொகுதி வந்தது. சபாநாயகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்தைத் தேடி, நிதானமாக வாசித்தார்.

"பிள்ளை பெற்றதற்காக இந்த அரசில் ஒருவர் வேலையும் எந்தக் காலத்திலும் போகாது. இது என் உறுதி."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்ப, அமைச்சரின் சொந்தக் கட்சியே சேர்ந்து சிரித்தது. அவர் உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் குடித்தார்.

"சொன்ன வார்த்தையைக் காப்பாத்துங்கய்யா," என்றார் நர்சம்மா.

"ஏழாவது பிரிவை... வாபஸ் வாங்கிக்கிறேன்."

அதையும் நான்தான் எழுதினேன். ஒவ்வொரு சொல்லாக, அனுபவித்து எழுதினேன். 'பலத்த கைதட்டல்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டபோது கண் கலங்கிவிட்டது.

தட்டச்சு அறையில் எங்கள் மேலாளர் என் பிரதியை ஒலிப்பதிவோடு ஒத்துப் பார்த்தார். நடுவில் நிறுத்தினார்.

"எல்லாரும் சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பொம்பள சிரிப்பு தனியா கேக்குதேம்மா. நம்ம மேஜைப் பக்கம்."

"என்னுதுதான் சார்."

"உறுப்பினர் சிரிச்சா குறிப்புல போடலாம். ஊழியர் சிரிச்சா மெமோதான் குடுக்கணும்," என்றார். உதட்டோரம் அவருக்கும் சிரிப்பு.

"குடுங்க சார். கூடவே ஒரு லீவு ஃபாரமும் குடுங்க."

"என்ன லீவு?"

"மகப்பேறு."

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். நான்காவது கட்டத்தில் 'எத்தனையாவது குழந்தை' என்று கேட்டிருந்தது. சுருக்கெழுத்தில் அல்ல, கட்டம் கொள்ளாத பெரிய எழுத்தில், பேனா மையில் எழுதினேன்: மூன்றாவது.