பழைய சிம் நன்றாகத்தான் எடுத்தது

1

இந்தக் கதை எனக்குச் சூளகிரியில், சாலையோரக் குடை ஒன்றின் கீழே கிடைத்தது. சிம் விற்கிற குடை. என் வீட்டில் அடுக்களையில் எடுக்கும் போன் கூடத்தில் எடுக்காது, ஆகவே கம்பெனி மாற்றப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். கழுத்தில் தொழிற்சாலை அட்டை தொங்கியது.

"இப்ப இருக்கறது எடுக்கலீங்களாண்ணா?" என்று கேட்டாள் குடைக்காரப் பெண்.

"நல்லாத்தான் எடுக்குது."

"அப்புறம் எதுக்கு மாத்தறீங்க?"

"வீட்ல மாத்தச் சொல்லிட்டாங்க."

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவர் கட்டைவிரலை மெஷினில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதி முழுக்க என் கைவேலை.

2

முதல் தொடக்கம்: "கண்ணுக்குத் தெரியாத அலைகள் மலைகளைத் தாண்டி..." (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது: "விமல்ராஜ் நல்லவன்தான், ஆனால்" (அந்த 'ஆனால்' பக்கத்திலேயே மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.)

மூன்றாவது, போனால் போகிறது என்று வைத்துக்கொண்டது: விமல்ராஜின் மனைவி வினோதா, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊரில் அப்பா வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. திரும்பி வர அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அவன் போன் கம்பெனியை மாற்ற வேண்டும்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

3

வினோதாவின் அப்பா ஆஞ்சப்பன் ஒருநாள் ராகிக் கொல்லையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று அப்பா வீட்டுக்கு வந்திருந்த வினோதா கொல்லைக்குப் பதறி ஓடினாள். தக்காளி ஏற்றும் டெம்போவில் அவரைப் படுக்கவைத்து ஓசூர் வரைக்கும் மடியில் தலையைத் தாங்கிக்கொண்டே போனாள். வழியெல்லாம் கணவனைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் தமிழில் சொன்னது, கன்னடத்தில் சொன்னது*, ஒருமுறைகூட அவன் குரல் வரவில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்த விமல்ராஜ் சொன்னான்:

"பிளாண்ட் உள்ள சிக்னல் இல்ல வினோதா. மேல பூரா தகரம். நான் என்னா பண்ணுவன்?"

(* இந்தப் பக்கத்து போன்கள் எந்த மாநிலத்து டவரைப் பிடிப்பது என்று தாமாகவே முடிவு செய்துகொள்ளும். கட்டிலில் படுத்திருப்பவனைக் கர்நாடகம் வரவேற்கும். அவன் திரும்பிப் படுத்தால் தமிழ்நாடு வரவேற்கும்.)

4

இங்கே கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. நல்லாத்தான் எடுக்குது என்று குடையின் கீழே அவன் வாயாலேயே சொன்னானே. அப்படியானால் அன்றைக்கு எங்கே போயிருந்தான்?

முதலில் அவனுக்கு ஒரு பெண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். அவளுக்குப் பெயர் வைப்பதற்குள் அலுத்துவிட்டது. பிறகு குடிக்க வைத்தேன். அதுவும் அவனுக்குப் பொருந்தவில்லை. உண்மை இதைவிடச் சின்னது, அதனாலேயே அசிங்கமானது. அன்று காலையில் வினோதா, "அப்பாவ ஒருக்கா பாத்துட்டு வரன்" என்றாள். இவன், "எப்பப் பாத்தாலும் அப்பன் வூடுதானா உனக்கு" என்றான். அவள் பஸ் ஏறிவிட்டாள். தொழிற்சாலைக்குள் போனதும் இவன் போனை பிளைட் மோடில் போட்டான். கூப்பிட்டுப் பார்த்துக் கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தான்.

தவித்தாள். அவன் நினைத்ததைவிட நன்றாகவே தவித்தாள்.

இதைச் சொல்ல அவனுக்கு வெட்கம். எனக்கே எழுதக் கூசுகிறது. நெட்வொர்க் மேல் பழி போட்டால் அது வந்து சண்டை போடாதல்லவா, அதனால் போட்டான்.

5

இனிமேல் கதை தானாக நடந்தது.

வினோதா போனில் சொன்னாள்: "அப்ப அந்தக் கம்பெனிய மாத்திடுங்க. மாத்தினா வரன்."

விமல்ராஜுக்கு இவ்வளவு மலிவாகத் தப்பித்தோமா என்று சந்தோஷம். மறுநாளே குடைக்குப் போனான். சில நாளில் புது சிம் உயிர் பெற்றது. அதைப் போட்டுக்கொண்டு பிளாண்டுக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். ஒரு கோடுகூட இல்லை. பிரஸ் மெஷின் பக்கம் இல்லை, கேன்டீனில் இல்லை, கழிவறையில் இல்லை. பழைய இரும்பு கொட்டும் மூலையில், மதில் சுவரை ஒட்டி நின்றால் மட்டும் எடுத்தது. அவன் குறை சொன்ன பழைய கம்பெனி ஒன்றுதான் அந்தத் தகரத்துக்குள் முழுசாக எடுத்துக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு அதற்குத் திரும்பவும் முடியாது, விதி அப்படி.

அவன் சொன்ன பொய், ஒரு மாதம் கழித்து, உண்மையாகிவிட்டது.

[இந்த இடத்தில் நிறுத்தினால் ஒரு நல்ல வேடிக்கைக் கதை. நிறுத்தித்தான் வைத்திருந்தேன். பிறகு வினோதா பக்கம் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். போயிருக்கக் கூடாது.]

6

விமல்ராஜுக்குத் தெரியாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அவனோடு அதே பிரஸ் மெஷினில் நிற்கும் அசோக்குமாரிடமும் அதே பழைய கம்பெனி சிம்தான். அவன் மனைவி ரஞ்சிதா, லைன் வீட்டில் வினோதாவுக்கு அடுத்த கதவு. தினமும் கணவனை பிளாண்டுக்குள் கூப்பிட்டு, வரும்போது என்ன வாங்கி வர வேண்டும் என்று சொல்பவள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது சும்மா கேட்டுவிட்டாள்: "சிக்னல் இல்லன்னாரா? இவருக்கு நல்லா எடுக்குதேடி."

ஆகவே, கம்பெனியை மாற்றச் சொன்னபோதே வினோதாவுக்கு எல்லாம் தெரியும். அவள் கேட்டது சிம்மை அல்ல. "மாத்த வேணாம் வினோதா, தப்பு நெட்வொர்க்கு மேல இல்ல" என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தாள். அவனோ பெருமையாக மாற்றிவிட்டு வந்து நிற்கிறான். எனக்கு அவன் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

7

இப்போது அவன் மதில் ஓரம் நின்று அவளைக் கூப்பிடுகிறான். எடுத்துவிட்டாள்.

"மாத்திட்டன்."

"மாத்திட்டீங்களா."

"ம். நீ சொன்னியே."

அந்தப் பக்கம் ஆஞ்சப்பன் இருமுவது கேட்கிறது.

"வேற எதுனா சொல்லணுமா எங்கிட்ட?"

முடிவுகள் சில எழுதினேன். ஒன்றில் அவன், "சாப்டியா?" என்று கேட்டான். அடித்துவிட்டேன். ஒன்றில் முழங்காலிட்டு அழுதான். விமல்ராஜ் அப்படியெல்லாம் செய்பவன் இல்லை. இன்னொன்றில், சரியாக அந்த நேரம் பார்த்து லைன் கட்டாகிப் போனது. வாசகர்கள் சிரித்திருப்பார்கள், நானும் பேனாவை மூடியிருப்பேன். ஆனால் நெட்வொர்க் அவனுக்காக ஒரு தரம் பொய் சொன்னது போதும். எனக்காகவும் சொல்ல விட மாட்டேன்.

அதனால் லைன் கட்டாகாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் காத்திருக்கிறாள். "அன்னிக்கு" என்று அவன் வாயெடுத்துவிட்டான், அடுத்த வார்த்தைக்கு என்னைப் பார்க்கிறான். என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் அவனுக்குக் கொடுங்கள்.