செவ்வாய் மூன்று முதல் நாலரை வரை

வெனிஸ் நகரத்தின் பாலங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருநாளும் போனதில்லை என்பது வேறு கதை. லண்டன் புறநகரான சட்டனில் காலை ரயிலேறி உட்கார்ந்ததும் கைபேசியில் வரைபடத்தைத் திறப்பேன். விரலால் தள்ளத் தள்ளச் சந்துகள் விரியும். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பச்சைத் தண்ணீர் ஓடத் தொடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் காலை நீட்டினால், நனைந்துவிடப் போகிறாரே என்று பதறுவேன்.

இதுதான் என் வேலையும். பெரிய கம்பனிகள் தங்கள் டைரக்டர்களைக் கூட்டமும் ஓய்வுமாக வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும்போது, எங்கே தூங்குவது, எதைச் சாப்பிடுவது, எந்தப் படகில் ஏறுவது என்று திட்டம் போட்டுக் கொடுப்பவள் நான். இம்முறை ஒரு காப்புறுதிக் கம்பனியின் நாற்பது பேர். வெனிஸில் நாலு நாள், கால்வாய்க் கரையில் மாளிகையாக இருந்த ஒரு ஹோட்டல். எங்கள் திட்டத்தை அவர்கள் ஏற்றால், முன்கூட்டியே போய்ப் பார்த்துவர ஹோட்டல்காரர் இரண்டு பேருக்கு அறை தருவார்கள்.

"அதுக்கு நீரே போம், ஆரணி. மனுசனையும் கூட்டிக்கொண்டு போம்," என்று மனேஜர் பியற்றிஸ் அக்கா சொல்லியிருந்தார்.

அந்த மனுசனுக்காகத்தான் எனக்கு இவ்வளவு ஆசை. என் கணவர் அருள்நேசன் இன்று சட்டனில் பஸ் ஓட்டுகிறார். அதற்கு முன், இத்தாலியப் பாஸ்போர்ட் கிடைத்து இங்கிலாந்துக்கு வரும்வரை, பதினொரு வருடம் அதே ஹோட்டலின் சமையலறையில் கோப்பை கழுவினார். வேலைக்காரருக்குப் பின் சந்துக் கதவு. முன்கதவு கால்வாயைப் பார்த்தது, விருந்தாளிகள் படகில் வந்து இறங்குவது. அதில் இவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அந்தக் கதவால் இவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

வெனிஸ் எப்படி இருக்கும் என்று கேட்டால், "தண்ணி மணக்கும்," என்பதோடு கதையை முடித்துவிடுவார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றைப் பிசைந்தபடி தானாகச் சொன்னார்.

"மத்தியான வேலை முடிய மூண்டு மணியாகும். திரும்ப நாலரைக்குத்தான் கூப்பிடுவினம். அதுவரைக்கும் குசினிக்குப் பின்னாலை இருக்கிற படியிலை போய் இருப்பன். சின்ன வாய்க்கால். தண்ணியின்ரை வெளிச்சம் எதிர்ச் சுவரிலை ஆடிக்கொண்டிருக்கும். ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். நான் கண்ட வெனிஸ் அவ்வளவுதான்."

திட்டத்தை அவர்களுக்குக் காட்டும் கூட்டம் வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு. ராகு நடுவீட்டில் சம்மணம் கொட்டி உட்கார்ந்திருக்கும் நேரம். மாற்றக் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. காப்புறுதிக் கம்பனியின் பெரிய தலையான ஹெலன் என் திட்டத்தைத் தாள் தாளாகப் புரட்டினார். பாதியில் அவர் விரல் நின்றது.

"செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை ஒன்றுமே இல்லையே. புதன்கிழமை மதியச் சாப்பாடு ஏன் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் முன்பே தொடங்குகிறது? வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று வரையும் வெறுமை. மறந்துவிட்டீர்களா?"

என் குட்டு உடைந்தது அங்கேதான். ஒன்பது வருடமாக நான் போட்ட எந்தத் திட்டத்திலும் ராகுகாலத்தில் ஒன்றையும் தொடங்கவிட்டதில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் 'பயணம்' என்றோ 'உடை மாற்ற' என்றோ எழுதி மூடிவிடுவேன். இந்தமுறை வெனிஸ் மயக்கத்தில் மூட மறந்துபோனேன். ஓட்டைகள் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

பியற்றிஸ் அக்கா கிறிஸ்தவ வேதக்காரர்தான், ஆனாலும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். "ராகுகாலமோ?" என்று பல்லுக்குள்ளால் கேட்டார்.

காப்புறுதிக்காரருக்கு ராகுவை விளக்கப் போனால் அதற்கும் ஒரு பொலிசி எழுதிவிடுவார்கள். ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அருள்நேசனின் படிதான் வந்தது. சமையலறைக்குப் பின்னால் ஒரு படி இருக்கிறது, அதில் உட்காரலாம், வெளிச்சம் சுவரில் ஆடும், யாரும் கூப்பிடமாட்டார்கள் என்றேன். சொல்லச் சொல்ல அந்த அறையின் கண்ணாடிச் சுவரிலும் ஏதோ ஆடுவதுபோல இருந்தது. நாங்கள் எல்லோருமே கொஞ்ச நேரம் தண்ணீருக்கு அருகில் இருந்தோம்.

ஹெலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னை யாரும் கூப்பிடாத ஒன்றரை மணி நேரம்," என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு கேட்டார்: "ஹோட்டல் அனுப்பிய படங்களில் அந்தப் படி இல்லையே?"

"என் கணவருக்குத் தெரியும்."

"அவர் அங்கே தங்கியிருக்கிறாரா?"

"இல்லை. அங்கே கோப்பை கழுவினார்."

சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பியற்றிஸ் அக்கா என் காலிலிருந்து தன் காலை எடுத்தார்.

"அப்படியென்றால் அவரே போய் அந்த இடத்தைக் காட்டட்டும்," என்றார் ஹெலன். "வேலை உங்களுக்குத்தான்."

பின்னேரம் சட்டனில் இறங்கி அருள்நேசனின் பஸ்ஸில் ஏறினேன். கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்கும்வரை பொறுத்திருந்தேன். வெளியே மழை, ஜன்னலெல்லாம் விளக்கு வெளிச்சம் கரைந்து வழிந்தது. சாரதிக் கண்ணாடிக்கு இப்பால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாற மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை போறம். படகிலை. முன்கதவாலை."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"முன்கதவாலை உள்ளிட்டா, பிறகு எந்தப் பக்கம் திரும்பிறது?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாதப்பா."

பதினொரு வருடம் வேலை செய்த இடம்.

"எனக்குத் தெரியும்," என்றேன். "குசினி வரைக்கும் நீங்கள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகு, அந்தப் படி வரைக்கும், நான் உங்கடை கையைப் பிடிக்கிறன்."