மாமாவின் கைப்பட்டை

மாமா ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து முந்நூற்று இருபது. முதுகில் வைத்த தகடு, கட்டில் வாடகை, மருந்து எல்லாம் சேர்த்து. அதைக் கம்பெனி கட்டும், மேற்கொண்டு நஷ்டஈடும் கொடுக்கும் என்று அக்கா நம்பினாள். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

அக்கா, அவள் புருஷனான மாமா, நான் மூவருக்கும் ஒரே கிடங்கில்தான் வேலை. மாமாவும் நானும் பெட்டி ஏற்றி இறக்குவோம், அக்கா கூட்டிப் பெருக்குவாள். மாமா நல்ல உயரம். எல்லோரும் கொக்கு என்பார்கள். அதனால் மேல் தட்டு வேலை எல்லாம் அவர் தலையில்தான் விழும்.

போன வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். உழைக்கிறவர்களின் அன்றாட வாழ்க்கைக்குள் கருவிகள் எப்படிக் கலக்கின்றன என்று ஆராய்ச்சியாம். எங்களில் சிலருக்கு ஆளுக்கொரு கைப்பட்டையும் போனும் கொடுத்தாள். பட்டை நம் நடையையும் அசைவையும் குறித்துக்கொள்ளும். போன் நினைத்தபோது சிணுங்கி, 'இப்போது எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டு வரிசையாக முகங்களைக் காட்டும். ஒன்றை அழுத்த வேண்டும்.

"இது கையில இருக்குறதையே மறந்துடுங்க" என்றாள்.

"மறந்துடுறேம்மா. எங்க சம்பளத்தை மேனேஜர் அப்படித்தான் மறந்துடுறாரு" என்றார் மாமா.

கழற்றாமல் கட்டியிருந்தால் மாதக் கடைசியில் ஒரு தொகை உண்டு. அழுத முகத்தை அழுத்தினால் போன் லேசில் விடாது. ஏன், எங்கே, யாரோடு, எவ்வளவு நேரமாக என்று நோண்டிக்கொண்டே இருக்கும். சிரித்த முகத்தை அழுத்தினால் நன்றி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பெட்டியை வைத்துவிட்டு இதோடு யார் மல்லுக்கட்டுவது? எல்லோரும் சிரித்த முகத்தையே அழுத்தினோம்.

ஒரு மத்தியானம் மேல் தட்டிலிருந்து மாமா விழுந்தார். தட்டுகளுக்கு நடுவே அந்தச் சந்தில் வேறு ஆள் இல்லை. சத்தம் கேட்டு நான் ஓடியபோது மல்லாந்து கிடந்தார்.

"கால் எங்கடா?" என்றார்.

"இருக்கு மாமா, ரெண்டும் இருக்கு."

ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டை அவர் கையிலேயே இருந்தது. ஆள் அசைந்தால்தானே அதற்குத் தெரியும்? பட்டை கழற்றப்பட்டுள்ளது என்று போன் கத்த ஆரம்பித்தது. அக்கா அதை அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

"இந்தக் காசும் போயிட்டா மாத்திரைக்கு எங்கடா போறது?"

அதோடு கிடங்கைப் பெருக்கினாள், படி ஏறினாள், தண்ணீர் சுமந்தாள். மாமாவுக்குப் பீத்துணி மாற்றி, கை கழுவிய ஈரத்தோடு அவள் மாமாவின் போனில் சிரித்த முகத்தை அழுத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

நஷ்டஈடு கேட்டு ஆள் வைத்து எழுதிக் கொடுத்தோம். ஆராய்ச்சி அறிக்கை கம்பெனிக்கும் போகும் என்று நாங்கள் கைநாட்டு வைத்த தாளில் இருந்ததாம். அப்போது எங்களில் யாருக்கும் எழுத்து வராது. மேனேஜர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். ஆராய்ச்சிப் பெண்ணும் அங்கே இருந்தாள்.

"விழுந்தது நிஜம். பட்டையில இருக்கு. ஆனா வீட்டுக்குப் போனதும் நடக்குறாரு, படி ஏறுறாரு, மனசும் சந்தோஷமா இருக்கு. நஷ்டஈடு எதுக்கும்மா?" என்றார் மேனேஜர்.

"அது நான் சார்" என்றாள் அக்கா. "அவரு பட்டையை நான்தான் கட்டியிருந்தேன்."

ஆராய்ச்சிப் பெண் பதறினாள். "ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"கழட்டக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே?"

மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்போ விழுந்த அன்னைக்குக் கட்டியிருந்தது யாரு?"

"அவருதான் சார்."

"எப்படி நம்புறது? பட்டை சொல்றது நிஜம்னா அவரு இப்போ நடக்குறாரு. பொய்னா அவரு விழவே இல்ல. உனக்கு எதும்மா வேணும்?"

"நான் பார்த்தேன் சார்" என்றேன்.

"விழுறதைப் பார்த்தியா, கிடக்குறதைப் பார்த்தியா?"

அக்கா ஆஸ்பத்திரித் தாளை மேஜையில் வைத்தாள்.

"முதுகு உடைஞ்சதுன்னு ஆஸ்பத்திரி சொல்லும். எங்க உடைஞ்சதுன்னு சொல்லாது" என்றார்.

ஆராய்ச்சிப் பெண் வெளியே வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆள் மாறிய பதிவை முழுதாக அழிப்பதுதான் அவர்கள் விதியாம். அந்த வாரமே அழித்தும் விட்டாள். அக்கா படி ஏறியது போயிற்று. மாமா விழுந்ததும் அதோடு போயிற்று. பொய்யாகப் பட்டை கட்டினாள் என்று அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பாக்கி வசூலிக்கிறவர் வந்தார். அடுப்பைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். தூக்கிப்போக ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் ஒரு தாள் வந்தது. அதற்குள் நான் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தேன். 'வசூலிக்க இயலாத பாக்கி. முழுவதும் தள்ளுபடி.'

"அப்படின்னா?"

"கட்ட வேண்டாம்க்கா."

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாமாவை வண்டியில் வைத்து அதே ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்காகக் கொண்டுபோனோம். கவுண்டரில் இருந்தவள் பெயரைத் தட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கணக்கு மூடியாச்சுங்க. தள்ளுபடி ஆனவங்களுக்கு இங்க புதுச் சீட்டு போட முடியாது."

"இன்னைக்கு உள்ளதைக் கையோட கட்டிடுறோம்மா."

"மூடின கணக்குல வாங்க முடியாதுக்கா."

"விடு. கடன் இல்லாத மனுஷன் ஆயிட்டேன்ல?" என்றார் மாமா.

வண்டிக்காரன் இன்னும் நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் அவரைத் தூக்கினோம்.